பெட்டி செய்பவர் கைமாறும்போது

2025 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிஇசட்எஸ் நிறுவனம் அந்நாட்டுத் திவால் சட்டத்தின் 7ஆம் அத்தியாயத்தின்கீழ் மனு செய்தது. கடனைச் சீரமைத்துக்கொண்டு தொழிலைத் தொடர வழிதருவது 11ஆம் அத்தியாயம். 7ஆம் அத்தியாயம் என்றால் கடையை மூடிவிட்டு, இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவது. ஃபைபர் இணையத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் கருவிகளைச் செய்துவந்த நிறுவனம் அது. ஊராட்சிதோறும் ஃபைபர் இழுக்கப் பொதுப்பணத்தைச் செலவிடும் இந்தியா இந்த வீழ்ச்சியைக் கண்டும் காணாமல் இருக்கக்கூடாது.

டிஇசட்எஸ் வளர்ந்ததே வாங்கலிலும் இணைப்பிலும்தான். கலிஃபோர்னியாவின் ஜோன் டெக்னாலஜிஸ் 2005இல் பாரடைனை வாங்கியது. 2016இல் தென்கொரியாவின் தாசன் குழுமத்துக் கருவிப் பிரிவு ஜோனுடன் இணைந்தது; அதுவே பின்னாளில் டிஇசட்எஸ் ஆனது. 2019இல் ஜெர்மனியின் கீமைலும் வந்து சேர்ந்தது. 2024இல் ஆசியத் தொழில் தாசனிடமே திரும்பப் போனது. அதே ஆண்டில், திவாலான காசா சிஸ்டம்ஸிடமிருந்து நெட்காமை வாங்கினார்கள். மறு ஆண்டே இவர்களும் திவால். பின்னர் ஒரு பகுதி ஜோன் என்ற பழைய பெயரிலேயே மீண்டும் எழுந்திருக்கிறது. ஆனால் இடைப்பட்ட காலத்தில், பழுதான பெட்டிக்கு மாற்று யாரிடம் கேட்பது என்ற கேள்வி வாங்கியவர்கள் தலையில்தான் விழுந்தது.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. அல்காடெல் 2006இல் லூசென்டுடன் இணைந்தது, 2016இல் இரண்டும் சேர்ந்து நோக்கியாவுக்குள் போயின. நோக்கியா சீமென்ஸ் கூட்டு நிறுவனத்தின் அகலப்பட்டைப் பிரிவை 2012இல் வாங்கிய அட்ரான், 2022இல் ஜெர்மனியின் அட்வாவையும் சேர்த்துக்கொண்டது. என்ட்ரிஸ்ஃபியரை எரிக்சன் 2007இல் வாங்கியது, 2012இல் எரிக்சனின் ஃபைபர் தொழிலைக் காலிக்ஸ் வாங்கியது. என்ட்ரிஸ்ஃபியரை நம்பிக் கருவி வாங்கிய ஒரு சிறு தொலைபேசி நிறுவனம், ஆறு ஆண்டுகளுக்குள் மூன்றாவது முதலாளியிடம் பராமரிப்புக்காகப் போய் நிற்க வேண்டியதாயிற்று.

முதலாளி மாறினால் பெட்டிக்கு என்ன என்று கேட்கலாம். சிக்கல் பெட்டிக்குள்தான் இருக்கிறது. தொலைபேசி நிலையத்திலோ கேபிள்காரரின் அறையிலோ ஓஎல்டி என்ற தலைமைக் கருவி இருக்கும். அதிலிருந்து புறப்படும் ஓர் இழை வழியில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஒவ்வொரு வீட்டிலும் நாம் மோடம் என்று சொல்லும் ஓஎன்டி பெட்டி. இந்த ஜிபான் முறைக்குப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003லேயே தரம் வகுத்துவிட்டது. ஆனால் தலைமைக் கருவி வீட்டுப் பெட்டிக்குக் கட்டளையிடும் முறையில், ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் சொந்தச் சேர்க்கைகளைப் புகுத்த இடம் இருக்கிறது. அதனால் ஒருவர் செய்த ஓஎல்டியில் இன்னொருவரின் மோடத்தை மாட்டினால் சில வேளை பதிவே ஆகாது. பதிவானாலும் இணையம் வந்து, தொலைபேசி வராமல் போகலாம். மண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி இழை பல பத்தாண்டுகள் உழைக்கும். அதன் இரு முனையிலும் இருக்கும் பெட்டிகளை ஒரே கம்பெனியிடம் அடகு வைத்துவிட்டால், அந்தக் கம்பெனி விழும் நாளில் வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

நிறுவனங்கள் இணைவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஹுவாவே, இசட்டிஇ இரண்டுக்கும் சீனாவின் உள்நாட்டுச் சந்தையே பெரும் பலம். அவற்றோடு போட்டியிட்டு 10, 25, 50 ஜிகாபிட் வேகம் என்று அடுத்தடுத்த தலைமுறைக் கருவிகளை உருவாக்கச் சிறு நிறுவனங்களால் முடியாது. கொரோனா காலத்தில் தேவைக்குமேல் வாங்கிக் குவித்த சேவை நிறுவனங்கள் 2023இல் ஆர்டரைக் குறைத்தபோது, அட்ரான் போன்ற பழைய நிறுவனமே பங்காதாயத்தை நிறுத்தியது. ஒன்று சேர்ந்து பிழைக்கப் பார்ப்பதில் தவறில்லை. அந்தப் பிழைப்புக்கான விலையை, கருவி வாங்கிய ஊர்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

இந்தியாவுக்கு இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. 2021 ஜூனிலிருந்து, நம்பகமானவை என்று அரசு ஏற்ற மூலங்களிலிருந்தே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் புதிய கருவிகளை வாங்க முடியும். நாட்டின் பாதுகாப்புக்கு இது தேவை. அதே நேரத்தில், விற்பவர் எண்ணிக்கையும் சுருங்குகிறது. மிஞ்சியவர் கை ஓங்குகிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழகத்தில் மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியை ஏற்றிருக்கிறது. இவ்வளவு பெரிய கொள்முதலைச் செய்பவர், விற்பவரின் நிபந்தனைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. நிபந்தனை விதிக்கும் இடத்தில் இருப்பவர் அவர்தான்.

உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் கவலையில்லை என்ற வாதத்தையும் நாம் ஏற்கவில்லை. மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் இங்கேயே ஜிபான் தொழில்நுட்பத்தை உருவாக்கியது பெருமைக்குரியது. பெங்களூரின் தேஜஸ் நெட்வொர்க்ஸைக் கட்டுப்படுத்தும் பங்குகளை 2021இல் டாடா குழுமம் வாங்கியபின், அந்நிறுவனத்துக்குத் தேவையான முதல் கிடைத்தது, அதுவும் நல்லதே. ஆனால் பூட்டு உள்ளூரில் செய்ததாக இருந்தாலும் பூட்டுதான். ஒரே உள்நாட்டு விற்பனையாளரைச் சார்ந்து நிற்கும் அரசு, விலையிலும் தரத்திலும் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

இனி பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு ஓஎல்டியும் குறைந்தது வேறு இரு தயாரிப்பாளர்களின் ஓஎன்டிகளோடு முழுமையாக இயங்குகிறது என்று, டெண்டர் முடியுமுன் இந்திய ஆய்வகம் ஒன்றில் நிரூபிக்கப்பட வேண்டும். இணையம், தொலைபேசி, தொலைவிலிருந்து மென்பொருள் புதுப்பித்தல் அனைத்தும் அதில் அடக்கம். இது நடக்காத கனவல்ல. ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வன்பொருளையும் கட்டுப்பாட்டு மென்பொருளையும் பிரித்து, வோல்தா என்ற திறந்தமூல மென்பொருளைக் கொண்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை அளித்துக் காட்டியிருக்கிறது. விற்ற நிறுவனம் கைமாறினாலும் மூடப்பட்டாலும் மென்பொருளின் மூலநிரல் அரசுக்குக் கிடைக்கும்படி, அதை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கவும் ஒப்பந்தம் கட்டாயப்படுத்த வேண்டும். உதிரிபாகப் பொறுப்பு, வாங்கும் புதிய முதலாளியையும் சட்டப்படி தொடர வேண்டும்.

2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கையகப்படுத்தல்களில், இந்தியாவில் கணிசமான தொழில் உள்ள நிறுவனம் விற்கப்பட்டால் போட்டி ஆணையத்தின் முன் அனுமதி தேவை என்ற விதி 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்கள் அந்த அனுமதி கேட்டு வரும்போது, சந்தைப் பங்கை மட்டும் கணக்கிடாமல், ஏற்கெனவே ஊராட்சிகளில் மாட்டப்பட்ட கருவிகளை எத்தனை ஆண்டு பராமரிப்பார்கள் என்ற எழுத்துமூல உறுதியை ஆணையம் கேட்டுப் பெற வேண்டும். உறுதி தர மறுப்பவருக்கு அனுமதியும் இல்லை, அடுத்த டெண்டரில் இடமும் இல்லை என்று மத்திய, மாநில அரசுகள் இப்போதே அறிவிக்க வேண்டும்.