செய்தி சேகரிக்கவா, விளம்பரம் திரட்டவா?

புதுதில்லி: சித்தூரிலும் திருப்பதியிலும் இணைய நாளிதழ் நடத்துவோருக்கு வாசகர் சந்தா என்பது பெயரளவில்தான். நகைக்கடை, பயிற்சி மையம், தனியார் மருத்துவமனை, அரசியல்வாதிகளின் பிறந்தநாள் வாழ்த்து என விளம்பரங்களை நம்பியே செய்திப் பிரிவு நடக்கிறது.

இது இணையம் தொடங்கிவைத்த வழக்கமல்ல. 1989-இல் 'ஈநாடு' மாவட்ட இணைப்பிதழ்களைக் கொண்டுவந்தபோது, மாநிலப் பதிப்பின் கட்டணம் கட்டுப்படியாகாத சிறு வணிகர்களும் விளம்பரதாரர்களாயினர். பிற ஏடுகளும் அவ்வழியே சென்றன. விளம்பரம் பிடிக்கும் சுமை பகுதிநேரச் செய்தியாளர்களின் தலையில் விழுந்தது. ஊதியத்தைவிடக் கமிஷனே பெரிதாயிற்று. காலையில் ஒரு மருத்துவமனையின் குறைபாட்டை விசாரித்தவர், மாலையில் அதே நிர்வாகத்திடம் விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். எதை எழுதுவார், எதை விடுவார்?

2009 தேர்தலில் ஆந்திரத்தில் காசுக்குச் செய்தி வெளியானதாக எழுந்த புகார்களை பிரஸ் கவுன்சிலின் துணைக் குழு ஆராய்ந்தது. 2010-இல் அதன் முழு அறிக்கையை வெளியிடக் கவுன்சிலே தயங்கியது. குறைந்த ஊதியமும் ஒப்பந்த முறையும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்று 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கூறியது. தில்லியின் அக்கறை பெரும்பாலும் அத்துடன் நின்றது.

அச்சு விளம்பரத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். இணைய விளம்பரத்துக்கோ 18. மத்திய அரசு விளம்பரம் பெற, 2016-ஆம் ஆண்டு நெறிமுறை மாதம் குறைந்தது 2.5 லட்சம் பார்வையாளர்களைக் கோரியது. தேசியத் தளங்களுக்கு இது பொருட்டல்ல. மாவட்டச் செய்தி மட்டும் தரும் தளத்துக்கு எட்டாத உயரம்.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. கண்காணிக்க வேண்டிய ஆட்சியர் அலுவலகங்கள் இரண்டாயின. செய்தியாளரின் வருவாய்க்கு வழி அதே விளம்பரதாரர்கள்தான்.