தூக்கும் முறையும் நம் சிகிச்சைதான்

கயத்தாறு தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும், அந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுதான். மூளை முடக்குவாதம் உள்ள நாலைந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துப் பேருந்துப் படி ஏறுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் சராசரி எடை 18 கிலோ. நம் பிள்ளைகள் அதைவிட மெலிந்திருக்கலாம். ஆனால் விறைத்துப் பின்னால் வளையும் 12 கிலோ, கழுத்தைக் கட்டிக்கொள்ளும் 18 கிலோவைவிடக் கனம்.

சக்கர நாற்காலிக்கு எழுதித் தந்ததும் “இனி தூக்காதீங்கம்மா” என்று சொல்வது நம் வழக்கம். ஐப்பசி மழையில் கரிசல் பாதையில் பத்தடி உருட்டுவதற்குள் சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும். தாய் தூக்கத்தான் செய்வாள். எனவே எப்படித் தூக்குவது என்பதும் நம் மருந்துச்சீட்டில் இடம்பெற வேண்டும்.

அதற்கு வேண்டியது ஒரு பழைய நூல்சேலை. நைலக்ஸ் வழுக்கும், வேண்டாம். தோள் முழுக்க அகலமாகப் பரப்பி, மார்புக்கு மேல் இறுக்கமாக முடிச்சிட வேண்டும். கயிறாகத் திரண்டால் கழுத்தை அறுக்கும். விறைக்கும் பிள்ளையைத் தூக்குமுன் இடுப்பையும் முழங்காலையும் மடக்குங்கள், விறைப்பு தளரும். பிறகு தாயின் இடுப்பில் இருபுறமும் கால் போட்டு உட்கார வைத்து, ஒரு முழங்கால் குழியிலிருந்து மறு குழிவரை துணி தாங்கும்படி இழுத்துவிட வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். கத்தரிக்கோலாய்ப் பின்னும் தொடைகள் விரிந்திருக்க இதைவிட எளிய வழி இல்லை. ஒருபக்க வாதமென்றால், பாதித்த கை தாயின் தோள்மேல் வரட்டும். இடமும் வலமும் மாற்றிக் கட்டாவிட்டால் தாயின் முதுகு போய்விடும். தலை நிற்காத பிள்ளைக்குத் துணி பிடரிவரை ஏற வேண்டும், முகம் தெரிய வேண்டும்.

இதில் புதுமை எதுவுமில்லை. நடக்கத் தெரிந்த பிள்ளையைக்கூடத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, இரு கையாலும் ஊசி பாசி விற்கும் நரிக்குறவப் பெண்களை நம் பேருந்து நிலையங்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் முடிச்சைக் கேட்டுப் படிக்கத் தயங்க வேண்டியதில்லை. 1987-ல் வெளியான கிராமத்து ஊனமுற்ற குழந்தைகளுக்கான கையேட்டில் டேவிட் வெர்னர், கால் விரித்துத் தூக்கும் ஊர்வழக்கங்களைச் சிகிச்சையாகவே மதித்தார்.

சொல்லித்தரச் சரியான இடம் வீடு. 1981-ல் தொடங்கிய ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் களப்பணியாளர்கள் வீடுதேடிப் போய்ப் பயிற்சி தருவதைப் பார்த்தால் காரணம் விளங்கும்: அங்கே தாயின் சேலையே கையில் இருக்கிறது, வாசற்படியின் உயரமும் கண்முன் தெரிகிறது.

ஒன்றில் மட்டும் கறாராக இருப்போம். இப்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. விரிக்கும்போது வலித்தாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, எக்ஸ்ரே பார்க்காமல் துணி கட்டக் கூடாது. இடுப்பு அறுவைக்குப் பின் என்றால் அறுவை மருத்துவர் சம்மதித்த பிறகே.