முப்பது நாளுக்கு ஓர் அறை

'புற்றுநோய்க்குச் சாதி தெரியாது' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மேடையில் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறுதலாகச் சொல்கிறார்கள். எங்கள் வங்கியில் பக்கத்து இருக்கை நண்பர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறேன். என் அண்ணன் மூளைக்குள் வளர்ந்த கட்டிக்குச் சாதி தெரியாது. ஆனால் அந்தக் கட்டிக்கு வைத்தியம் பார்க்க ஊரைவிட்டு வந்து ஆறு வாரம் தங்கவேண்டிய அறைக்குத் தெரிகிறது. அறைச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறவனுக்கு நன்றாகவே தெரிகிறது.

அண்ணன் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ஒரு விடியற்காலையில் வேலைக்குப் போன இடத்தில் வலிப்பு வந்து சாக்கடை ஓரம் விழுந்தார். 'காலையிலேயே ஊத்திக்கினான் பாரு' என்று தாண்டிப் போனார்கள். குடிக்காத மனுசன். மூணு மாசமாகத் தலைவலி என்று புலம்பியதற்கு மேஸ்திரி சொன்ன வைத்தியமும் 'சரக்கைக் குறைடா' என்பதுதான். மற்றவன் விழுந்தால் நோய், சேரிக்காரன் விழுந்தால் போதை. இந்த நோயறிதலை எந்த மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். இது யாரும் போட்ட பிச்சை இல்லை. நம் வரி, நம் உரிமை. கட்டியைச் சோதித்துப் பார்த்ததில் கிளையோபிளாஸ்டோமா, நான்காம் தரம் என்று வந்தது. அடுத்தது கதிர்வீச்சு. 60 கிரே கதிரை 30 பங்காகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை, 6 வாரம். கூடவே தினமும் டெமோசோலமைடு மாத்திரை, சனி ஞாயிறும் சேர்த்து.

மெஷினுக்குக் கீழே படுத்திருப்பது சில நிமிஷம்தான். சூடான தண்ணீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுத்திருக்கிறார்கள். தலை அசையாமல் இருக்க அதை மேசையோடு சேர்த்துப் பூட்டுகிறார்கள். அந்தச் சில நிமிஷத்துக்கு, ஊரிலிருந்து பஸ்ஸில் வர மூணு மணி நேரம், போக மூணு மணி நேரம். வலிப்பு வந்த, இடது கால் இழுக்கிற ஆளை முப்பது நாள் அப்படி இழுத்தடிக்க முடியுமா? இடையில் நாள் விடவும் கூடாது, விட்டால் வைத்தியத்தின் பலன் குறையும். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை வேண்டும். காப்பீட்டு அட்டையில் மெஷின் உண்டு. அறை இல்லை.

அறை தேடினோம். முதல் வீட்டில் 'எந்த ஊரு?' என்றார்கள். சொன்னேன். 'ஊர்ல எந்தத் தெரு?' என்றார்கள். அதையும் சொன்னேன். 'நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டோம்' என்றார்கள். வாசலில் 'வாடகைக்கு' என்ற அட்டை அப்படியே தொங்குகிறது. இரண்டாவது வீட்டில் 'சுத்த சைவம் மட்டும்.' டாக்டர் தினமும் முட்டை கொடுங்கள் என்கிறார், வீட்டுக்காரர் முட்டை ஓடு கூடக் குப்பையில் தெரியக்கூடாது என்கிறார். மூன்றாவது வீட்டில் அண்ணன் என்ன வேலை என்று கேட்டார்கள். அதோடு முடிந்தது.

1917இல் அம்பேத்கர், வெளிநாட்டில் படித்த படிப்போடு, பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்கப் போனார். தங்க இடமில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். கத்தியவாரில் தீண்டப்படாத ஆசிரியர் ஒருவரின் மனைவிக்கு டாக்டர் கையால் தொட்டு வைத்தியம் பார்க்கவில்லை. தெர்மாமீட்டர் ஒரு முஸ்லிம் கைக்குப் போய், புருஷன் கைக்குப் போய், பிறகு நோயாளியிடம் போனது. அந்தப் பெண் செத்துப்போனாள். 1929இல் 'யங் இந்தியா'வில் வந்த இக்கடிதத்தை அம்பேத்கர் எடுத்துப் பதிவு செய்திருக்கிறார். இன்று டாக்டர் அண்ணனின் தலையைத் தொட்டுத்தான் பார்க்கிறார். போராடி அங்கே ஒரு கதவைத் திறந்திருக்கிறோம். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, தெருவில் இன்னும் பரோடாதான்.

இடம் கொடுத்தது யார் தெரியுமா? நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள். வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஐந்து பேர் இருக்கிற ஒற்றை அறையில் ஒரு மூலை. இழுக்கிற காலோடு அண்ணன் படியேறுகிறார்.

மாத்திரை சங்கதி தனி. அவர் உடம்புக்குக் கணக்குப் போட்டு 120 மில்லிகிராம். 120க்கு ஒரே மாத்திரை இல்லை. 100 ஒன்று, 20 ஒன்று. வெறும் வயிற்றில், கதிர்வீச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால். பிரிக்கக் கூடாது, மெல்லக் கூடாது. வலிப்பு மாத்திரை காலை, இரவு. வீக்கத்துக்கான ஸ்டீராய்டைத் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாரா வாரம் ரத்தம் எடுத்து அணுக்களை எண்ணவேண்டும். எல்லாம் சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. அண்ணி கைநாட்டு. லெட்ஜருக்குக் கோடு போட்ட பழக்கத்தில் நான் சூரியன், நிலா படம் போட்டு அட்டவணை எழுதி ஒட்டினேன். கூடப் பிறந்தவன் ஒருத்தன் குமாஸ்தாவாக இல்லாத சேரியில் இந்த அட்டவணையை யார் எழுதுவது? எனக்கு விடுப்பு உண்டு. அண்ணன் பெயரை ஒப்பந்தக்காரர் இரண்டாம் வாரமே வெட்டிவிட்டார்.

'எப்படியும் நிலைக்காத நோய், எதுக்கு இத்தனை பாடு?' என்று கேட்கிற புத்திசாலிகளும் உண்டு. 2005இல் வெளியான ஆய்வு இது: கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்து பேர். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் இருபத்தாறு பேர். நடுவே இருக்கிற அந்தப் பதினாறு பேரில் ஒருத்தனாக இருக்க என் அண்ணனுக்கு உரிமை இல்லையா? வருவதும் வராததும் நோயின் கையில். முப்பது நாளை முடிக்கவிடாமல் செய்வது மனுசன் கையில்.

'தைரியமா இருங்க' என்கிறார்கள். தைரியத்துக்கு என்னய்யா குறைச்சல்? விஷவாயுக் குழிக்குள் நம்மை இறக்கிவிடுகிற நாட்டில் நமக்கே தைரியம் சொல்லித் தருகிறீர்களா? எங்களுக்குக் குறைச்சல் அறை, கூலி, கூட இருக்க ஒரு ஆள்.

தோழர்களே, நமக்கும் ஒரு வார்த்தை. செத்த பிறகு சுவரொட்டி ஒட்டுகிறோம், கொடி போர்த்துகிறோம். சாகாமல் இருக்கிற முப்பது நாளுக்கு நாம் என்ன செய்தோம்? புற்றுநோயாளிக்கு சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் ஸ்லீப்பர் கட்டணம் முழுசாக இல்லை, கூடப் போகிறவருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். நம் சேரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒவ்வொரு கிளையிலும் படிவம் நிரப்ப ஒருவர், மாத்திரை அட்டவணை எழுத ஒருவர், துணைக்கு உட்கார ஒருவர் வேண்டும். இதுவும் அரசியல்தான்.

அரசிடம் கேட்பது: கதிர்வீச்சு மெஷின் இருக்கிற ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் நோயாளியும் துணையும் தங்க இலவச விடுதி. சிகிச்சை நாட்களுக்கு இருவருக்கும் கூலி. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு, வேலைக்கு உத்தரவாதம். சீட்டு தமிழில், படத்தோடு.

இன்று இருபத்திரண்டாம் நாள். கதிர் பட்ட பக்கம் அண்ணனுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நோய்க்குச் சாதி இல்லை என்கிறவர்கள் வீட்டில் ஒரு அறை காலியிருந்தால் சொல்லியனுப்பட்டும். எந்தத் தெரு என்று கேட்காமல்.