சட்டம் அறிவோம்: நிபுணர் கையில் சேரும் கடிதம்

ஸ்ரீரங்கப்பட்டணத்து நெடுஞ்சாலையில் விபத்துற்று நஷ்டஈடு கோரும் நம்மவர்க்கு ஒரு வார்த்தை. வக்கீலிடம் அந்தரங்கமாய் உரைத்ததைக் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றி அவர் வெளியிடலாகாது. இது 2023ஆம் ஆண்டுப் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு. ஆனால் வக்கீலுக்கு எழுதிய கடிதம் மருத்துவ நிபுணரின் அறிக்கையில் குறிப்பிடப்பட்டுவிட்டால்? எதிர்க்கட்சி அதனைக் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் 2003இல் லூகாஸ் வழக்கில் இவ்வினா எழுந்தது. குறிப்பு மட்டும் போதாது. தமக்கு அளிக்கப்பட்ட விவரங்களை நிபுணர் பிழையாகவோ குறைவாகவோ எழுதினார் எனக் கருதக் காரணம் வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அது அந்நாட்டு விதியைப் பற்றிய தீர்ப்பு. நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே வக்கீலைக் கேளாமல் எக்காகிதத்தையும் நிபுணரிடம் நீட்டாதீர்கள். சிகிச்சைக் குறிப்புகளை மறைக்கவோ இச்சட்டம் துணைநில்லாது.