புது கேஸ் வாங்க முதல் ஒருக்கா உள்ளே பாருங்கள்

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கோட் வெர்ட்டு மெட்ரோ படிக்கட்டில் என் பூல் கியூ கேஸ் தோளிலிருந்து கழன்று விழுந்தது. பட்டியைப் பிடித்திருந்த டி வளையம் துணியோடு பிய்ந்துவிட்டது. நல்ல காலம், கியூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேஸ் வாங்கி மூன்று வருசம்கூட முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் புது கேஸ் தேடத் தொடங்கினேன். எனக்குப் பிடித்தது 200 டொலருக்கு மேலே. வாங்கப் போகும் நேரம் அம்மா பழைய கேஸைத் தூக்கி, கிழிந்த இடத்தை விரலால் பிரித்துப் பார்த்தார்.

"பாரம் தாங்குற இடத்துக்கு ஒரே ஒரு ஓட்டுத் தையல். பின்னால துண்டுத் துணிகூட வைக்கேல்லை. இதுக்கு ஏன் பிள்ளை புதுசு வாங்கிறாய்?"

அம்மாவுக்கு நான் பூல் விளையாடுவதே பிடிக்காது. பெம்பிளைப் பிள்ளை இரவில் அந்த மாதிரி இடத்துக்குப் போவதோ என்று இன்னும் கேட்பார். (ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிறந்து, 1880களில் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்ட விளையாட்டு, எங்கட பக்கத்துச் சாமான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.) ஆனால் பிழையான தையலைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. சென்ட் லோரன்டுக்குப் பக்கத்தில், சபனெல் வீதியில், 14 வருசம் தையல் ஃபக்டரியில் நின்றவர்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கியூ கேஸ் தூக்கி எறியும் பொருள் அல்ல, திருத்தும் பொருள். அதைத் திருத்தத் தெரிந்த ஆள் உங்கள் வீட்டுக் குசினியிலேயே இருக்கலாம்.

முதலில் கேஸ் ஏன் முக்கியம் என்று பார்ப்போம். வழமையான பூல் கியூ 58 அங்குலம். நடுவில் கழற்றினால் 29 அங்குலத்தில் இரண்டு துண்டு. பந்தை அடிக்கும் மெல்லிய துண்டு பெரும்பாலும் மேப்பிள் மரம். மரம் ஈரத்தை இழுக்கும், விடும். மொன்றியல் மாரியில் வெளியே மைனஸ் 20, உள்ளே ஹீட்டர் போட்டுக் காய்ந்த காற்று. ஒரு பக்கம் கூடவும் மற்றப் பக்கம் குறையவும் காய்ந்தால் மரம் வளையும். அதனால் கேஸை இரவில் கார் ட்ரங்கில் விடாதீர்கள். சுவரடி ஹீட்டருக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். குளிரிலிருந்து வந்தவுடன் திறக்கவும் வேண்டாம். சூடான காற்று பட்டதும் குளிர்ந்த கியூவில் தண்ணீர் படியும். மூடியபடியே அரை மணித்தியாலம் விடுங்கள்.

நான் செய்த மடைத்தனத்தையும் கேளுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளை எல்லாம் சேர்த்து மாரி முழுக்கக் கேஸுக்குள் போட்டு வைத்தேன். ஏற்கனவே காய்ந்த காற்றை இன்னும் காய வைத்திருக்கிறேன்! சிலிக்கா ஜெல் ஆடி மாதப் புழுக்கத்துக்குச் சரி. மாரிக்கு, கிற்றார்காரர் பாவிக்கும் ஈரப்பதப் பைக்கற் நல்லது. அது ஈரம் கூடினால் இழுக்கும், குறைந்தால் விடும். 49 வீதம் என்று போட்டிருப்பதை எடுங்கள். கேஸ் காற்றுப் புகாத பெட்டி அல்ல, அதனால் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

இனித் திருத்தும் கதை. நான் முதலில் சுப்பர் குளூ போட்டேன். அம்மா தலையில் கை வைத்தார். அந்தப் பசை காய்ந்தால் கல்லுமாதிரி, வளையும் இடத்தில் வெடித்துவிடும். அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு பின்னேரம் போனது. அடுத்த பின்னேரம் அம்மா சொல்லச் சொல்ல நான் தைத்தேன். உள்ளே குழாய் இருப்பதால் மெசினில் ஏறாது, கைத்தையல்தான். மேல் விளிம்பில் உள்துணியைப் பிரித்து, பழைய பயணப் பையின் நைலோன் பட்டியில் ஒரு துண்டை வெட்டிப் பின்னால் வைத்தோம். பொலியஸ்ரர் நூலை இரட்டையாக எடுத்து மெழுகுதிரியில் உரசி, குத்தூசியால் ஓட்டை போட்டு, சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டோம். அப்படித் தைத்தால் இழுவை ஒரே வரியில் விழாமல் நாலு பக்கமும் பிரியும். எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் செய்தபோது பாரப் பரம்பலுக்குப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவள் நான். என் தையலோ பாம்பு போன பாதை மாதிரி இருந்தது. அம்மா இரண்டு தரம் பிரிக்க வைத்தார்.

பிறகு ஆசை கூடி வேறு மாற்றங்களும் செய்தேன். கியூ கிலுகிலுக்காமல் இருக்க குழாய் வாயில் ஃபெல்ட் துணி ஒட்டினேன். அடியில் வட்டமாக வெட்டிய ஸ்பொஞ். நீளத் தடியில் துணி சுற்றிக் குழாயைத் துடைத்தபோது வந்த நீலச் சோக் தூளைப் பார்த்து வெட்கமாக இருந்தது. அந்தத் தூள் மரத்தில் உரசும், மாதம் ஒருக்காத் துடையுங்கள். சிப் இறுகினால் பென்சில் முனையால் தேயுங்கள். வெளித்தோல் வைனில் என்றால் மெல்லிய சவர்க்காரத் தண்ணீர் போதும். தோலுக்குப் பூசும் எண்ணெய் அதற்கு வேண்டாம். குழாயே வெடித்துவிட்டால், அல்லது உள்ளே பூஞ்சணம் பிடித்துவிட்டால், மாற்றத்தான் வேண்டும்.

"உன் ஒரு மணித்தியாலச் சம்பளத்துக்கு இது நட்டம் இல்லையா?" என்று ஒரு சினேகிதி கேட்டாள். காசுக் கணக்கில் நட்டம்தான். இரண்டு பின்னேரம் போனது. ஆனால் அடுத்தமுறை எந்த இடம் விடும், எப்படிப் பிடிக்கலாம் என்று இப்போது எனக்குத் தெரியும். புதுசு வாங்கியிருந்தால் அதே ஒற்றைத் தையலைத்தான் திரும்பவும் காசு கொடுத்து வாங்கியிருப்பேன். திருத்தக்கூடிய பொருள் வேண்டும் என்று 2023இல் கியூபெக் ஒரு சட்டமே கொண்டு வந்தது. மாற்றுப் பாகங்களும் திருத்தும் விபரங்களும் கிடைக்கும் கடமையை அது இறுக்கியது. நல்ல சட்டம். ஆனால் ஊசியைப் பிடிக்க ஒரு கை வேணுமே.

அந்தக் கையைப் பற்றித்தான் எனக்கு உறுத்தல். 2005 ஜனவரி 1இல் உலக வர்த்தக நிறுவன நாடுகளுக்கிடையே உடுப்பு இறக்குமதிக் கோட்டா முடிந்தது. ஓடர்கள் வெளிநாட்டுக்குப் போயின, சபனெல் ஃபக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின, அம்மாவின் வேலையும் போனது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில். யாராவது கேட்டால் "அம்மா ஃபஷன் கொம்பனியில் வேலை" என்பேன். தையல்காரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது தெரியும் என்று அந்த இரண்டாவது பின்னேரம்தான் விளங்கியது. நூலை முடிச்சுப் போட்டபடி, "உனக்கு இதெல்லாம் பிடிக்காது எண்டு நினைச்சன்" என்றார்.

எங்கட அம்மா அப்பாமார் தையல், உணவகம், துப்பரவு என்று செய்த வேலைகளிலிருந்து நாங்கள் தப்பி வந்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம். அவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் அந்த வேலையோடு சேர்த்து அவர்களின் அறிவையும் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

தம்பிமார், தங்கச்சிமார், இந்தக் கிழமை உங்கள் கேஸைக் கவிழ்த்துத் தட்டுங்கள். வளையத்தை இழுத்துப் பாருங்கள். தையல் விட்டிருந்தால் கடைக்குப் போக முதல் வீட்டில் காட்டுங்கள். என் கேஸில் இப்போது ஒரு பக்கம் கோணல் தையல், மற்றப் பக்கம் நேர்த் தையல். நேரானது அம்மா தைத்தது. பூல் ஹோலில் யாராவது கேட்டால், யார் தைத்தது, எங்கே பழகினவர் என்று முழுக்கவே சொல்கிறேன்.