பைன் விறகின் மீது சுமத்தப்படும் பழி

குமாவோன் மலைப்பகுதியில் மொழிக் களப்பணிக்காகத் தங்கியிருந்த குளிர்காலத்தில், பைன் விறகை வீட்டு அடுப்பில் எரிக்கலாகாது, அதன் பிசின் புகைக்குழாயில் படிந்து தீப்பற்றும் என்று எனக்கு அறிவுரை கூறியோர் அனைவரும் படித்தவர்கள். அதை நாள்தோறும் எரிப்பவர் எவரும் அவ்வாறு கூறவில்லை.

குழாயில் படியும் தாருக்கு முதற்காரணம் மரத்தின் இனமன்று, ஈரம். ஈர விறகின் வெப்பத்தில் கணிசமான பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. தீ தணிய, முற்றும் எரியாத புகை குளிர்ந்த குழாயின் உட்சுவரில் படிகிறது. காற்றுவழியை அடைத்து இரவெல்லாம் புகையவிட்டால் ஓக் விறகும் இதையே செய்யும். பிளந்து அடுக்கி, ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை உலர்த்திய பைனோ, போதிய காற்றில் விரைவாகவும் கடுஞ்சூட்டுடனும் எரிகிறது. அதன் உண்மையான குறை, கனல் நிலைக்காமை.

இவ்வேறுபாடுகளை அவ்வூர்ப் பெண்களின் பேச்சே அறிந்திருக்கிறது. உதிர்ந்த ஊசியிலை பிரூல், பிசின் லீஸா, பிசின் ஊறிய சிம்பு சிலுக். தீ மூட்டச் சிலுக், நின்று எரியப் பாஞ்ச் எனப்படும் ஓக். (நம்மிடமும் சுள்ளி, சிராய், கட்டை என்றெல்லாம் இருந்தன, நகரத்தில் யாவும் விறகாகிவிட்டன.)

பைனை விலக்கினால் சுமை பாஞ்ச் மரத்தின்மேல் விழும். மெதுவாக வளர்வது அது. அதன் தழை கால்நடைத் தீவனம், அதன் காடு மண்ணின் ஈரத்தைக் காப்பது. பாஞ்ச் காடுகளின் இடத்தைப் பைன் பிடித்துக்கொள்வதை மீராபென் முன்பே எச்சரித்தார். அத்தகைய நிலத்தில் ஓக்கைக் காப்போம் என்று கருத்தரங்கில் பேசிவிட்டு, பைனை எரிக்காதீர் என்று கிராமத்தில் சொல்வது எனக்கு விளங்கவில்லை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் எரிவாயு உருளை சமையலுக்கு உதவும். சனவரி இரவில் அறையைச் சூடாக்க அதை எவரும் செலவிடுவதில்லை.

புகைபோக்கி இல்லாத அடுப்பில் எந்த விறகும் நுரையீரலுக்குக் கேடே, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தேவை ஒரு குழாயும், குளிர்காலத்திற்கு முன் அதைத் துடைக்கும் வழக்கமும், விறகு நனையாதிருக்க ஒரு தகரக் கூரையும். நான் தங்கியிருந்த வீட்டில் அக்கூரை இல்லை. முற்றத்தில் பைனும் ஓக்கும் ஒருங்கே நனைந்துகொண்டிருந்தன.