கைவிடுதலும் கையை விடுதலும்



செங்கற்பட்டை அடுத்த ஓர் ஊரிலிருந்து தாயார் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பதினோராம் வகுப்பில் பயில்கிறான். பள்ளி விட்டு வந்ததும் தெர்மகோல் பலகையை அறுப்பதும், மூங்கில் குச்சியைச் சீவுவதும், பசையை உருக்கி ஒட்டுவதுமாகவே இருக்கிறானாம். தரையில் நின்றவாறே வானொலி அலைகளால் ஓட்டக்கூடிய மாதிரி விமானம் ஒன்றைத் தன் கையாலேயே செய்து பறக்கவிட வேண்டும் என்பது அவனது ஆவல். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. அன்றிரவே தந்தை சினம் மேலிட்டு, ஏறக்குறைய முடிந்திருந்த விமானத்தின் இறக்கையை முழங்காலில் வைத்து முறித்துவிட்டார். அன்று தொட்டு மகன் தந்தையோடு பேசுவதில்லை. "பிள்ளையைக் கண்டிப்பதா, அவன் அப்பாவைக் கண்டிப்பதா, நீங்களே சொல்லுங்கள் சாமி" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அத்தாய்.

விடை கூறுமுன், அப்பிள்ளை செய்துகொண்டிருந்த பொருள் யாது என்பதைப் பெற்றோராகிய நீங்கள் அறிந்துகொள்வது நலம். அறியாத பொருளை முறிப்பது எவர்க்கும் எளிது.

மாதிரி விமானம் கட்டுவோன் முதலாவது கற்கும் பாடம் சமநிலை. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள இடத்தில் இரு விரல்நுனிகளை அடியிலே வைத்துத் தூக்கினால், விமானம் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நிற்க வேண்டும். நில்லாவிடில் மின்கலத்தைச் சற்று முன்னே நகர்த்தி மீண்டும் பார்க்க வேண்டும். மூக்கு சிறிது கனத்தால் விமானம் மந்தமாகவேனும் பறக்கும். வால் கனத்துவிட்டாலோ கைதேர்ந்தவனாலும் அதை அடக்குவது அரிது. பழகுவோருக்கான விமானத்தில் இறக்கைகள் இரண்டும் நுனியை நோக்கிச் சற்றே மேலெழுந்திருக்கும். காற்று ஒரு பக்கமாகச் சாய்த்தால், தாழ்ந்த பக்கத்து இறக்கைக்குத் தூக்குவிசை கூடி, விமானம் தானாகவே நிமிர இது துணை செய்கிறது.

அடுத்தது வானொலிக் கருவி. பிள்ளையின் கையிலுள்ள பெட்டியில் இரண்டு சிறு நெம்புகோல்கள் உள்ளன. அவற்றின் அசைவு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையாக மாறிச் செல்ல, விமானத்தினுள் இருக்கும் தீப்பெட்டியிலும் சிறிய ஏற்பி அதை வாங்குகிறது. வால் பலகைகளைத் திருப்புவது செர்வோ எனப்படும் சிறு மோட்டார். ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால், ஒன்றரைக் கூறு நேரம் நீடிக்கும் மின்துடிப்புக்கு அது நடுவிலே நிற்கும். ஒரு கூறானால் ஒரு கோடிக்கும், இரண்டு கூறானால் மறு கோடிக்கும் திரும்பும். இத்துடிப்பு வினாடிக்கு ஏறத்தாழ 50 முறை வந்துகொண்டே இருக்கும். இத்தனையும் அறிந்து செய்யும் பிள்ளை இயற்பியல் படிக்கவில்லை என்று எவ்வாறு கூறுவது?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வானொலி அலை விமானத்தைத் தாங்கிப் பிடிப்பதில்லை. பறக்கும் ஆற்றல் கட்டும்போதே அதற்குள் வைக்கப்பட்டுவிட்டது. வானொலி வழியைத் திருத்துவதோடு சரி. ஆனால் புதிதாகப் பழகுவோர் ஒரு நொடியும் நெம்புகோலை விடுவதில்லை. விமானம் சிறிது சாய்ந்ததும் அஞ்சி மறுபக்கம் முழுவதுமாகத் திருப்புவர். அது அப்பக்கம் கவிழும். உடனே இப்பக்கம் திருப்புவர். நான்கு முறை இவ்வாறு அலைந்தபின் அது தரையில் மோதும். போதிய உயரத்தில் இருக்கும்போது நெம்புகோலை நடுவில் விட்டுவிட்டால், நன்கு கட்டிய பழகு விமானம் பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. விமானம் நம்மை விட்டு அகன்று செல்லும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்றே. திரும்பி நம்மை நோக்கி வரும்போதோ அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். பலருடைய விமானம் விழுவது இவ்விடத்திலேதான். விமானத்தினுள் தாமே அமர்ந்திருப்பதாக எண்ணி ஓட்டுவோர் மட்டுமே தப்புவர். வளர்ந்த பிள்ளை நம்மோடு எதிர்முகமாக நின்று பேசும் வயதில், நம் வலம் அவனுக்கு இடமாகத் தோன்றுவதில் வியப்பென்ன? அவன் இருக்கையில் நாமும் சிறிது நேரம் அமர்ந்து பார்த்தல் வேண்டும்.

இது வெறும் விளையாட்டென்று சிலர் கூறலாம். 1878-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் புரொட்டஸ்டன்டுச் சபையொன்றின் மேற்றிராணியாரான மில்டன் ரைட், தம் இளம் புதல்வர் இருவருக்குத் தக்கை, மூங்கில், தாள், ரப்பர் ஆகியவற்றால் ஆன பறக்கும் பொம்மையொன்றை வாங்கி வந்தார். அது உடைந்தபின் அச்சிறுவர் தாமே அதுபோல் செய்து பார்த்தனர். அவ்விருவரே 1903 டிசம்பர் 17-ஆம் நாள் விமானத்தில் பறந்த வில்பரும் ஆர்வில்லும்.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 1910-ஆம் ஆண்டு, சென்னையில் விடுதி நடத்திவந்த ஜாகோமோ தாஞ்செலிஸ் என்பார், தாமே வகுத்த வடிவத்தின்படி சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு விமானமொன்றைக் கட்டுவித்து, பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுச் சோதித்தார். அதே வட்டாரத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்க 1950-களில் வந்து சேர்ந்தார், திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாம். அவரது சேர்க்கைக் கட்டணத்துக்காகத் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தவர் அவருடைய சகோதரி ஜொஹரா. ஒரு வீட்டில் ஒருவர் நம்பிக்கை வைத்தாலும் போதும். பிள்ளைக்குத் தரை கிடைத்துவிடும்.

நம்பிக்கை பலமுறை தோற்கவும் கூடும். மேனார்டு ஹில் எனும் அமெரிக்கர் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க அனுப்பிய மாதிரி விமானங்கள் சில கடலோடு போயின. 2003 ஆகஸ்டில், 77-ஆம் வயதில், கண்பார்வை பெரிதும் மங்கிய நிலையில், மீண்டும் ஒன்றை அனுப்பினார். பால்சா மரத்தால் ஆன, 5 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அவ்விமானம், கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை, 3,000 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ 39 மணி நேரத்தில் பறந்து சேர்ந்தது. எழும்போதும் இறங்கும்போதும் மட்டுமே மனிதர் கையால் ஓட்டினர். நடுக்கடலில் உள்ளிருந்த தானியங்கிக் கருவியே வழி நடத்தியது.

இனி விடைக்கு வருவோம். தந்தையே, மதிப்பெண்ணைக் குறித்து நீர் கொண்ட கவலை நியாயமானது. ஆனால் முறிந்தது தெர்மகோல் மட்டும் அன்று. மகனிடம் மன்னிப்புக் கேட்பதால் தந்தையின் மதிப்புக் குறையாது. கேட்டபின், படிக்கும் நேரத்துக்கும் கட்டும் நேரத்துக்கும் வரம்பு வகுத்து, அவ்வரம்பை அவனோடு அமர்ந்தே எழுதுவீராக.

மகனே, உனக்கும் சில உண்டு. பொதுத்தேர்வு உன் விமானத்துக்காகக் காத்திராது. அந்த லித்தியம் பாலிமர் மின்கலத்தை வீட்டார் உறங்கும் வேளையில் மின்னேற்றாதே. ஓர் அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினாலோ, அடிபட்டு உப்பினாலோ அது தீப்பற்றக்கூடும். மாமல்லபுரம் கடற்கரையில் மக்கள் கூடும் இடத்தின்மேல் ஒருபோதும் பறக்கவிடாதே. சுழலும் விசிறிக்குக் குழந்தையின் முகம் தெரியாது. 2022 ஆகஸ்டில் அங்கே பன்னாட்டுப் பட்ட விழா நடந்தது. பட்டத்துக்கு உகந்த அந்தக் கடற்காற்று இலேசான விமானத்துக்குப் பகை. கோடையில் நண்பகலை ஒட்டி அது எழுமுன், காலையிலேயே பறத்தல் முடியட்டும். சவுக்குத் தோப்பை விட்டு விலகி, கோடையில் வற்றிய ஏரிப்பரப்பைத் தேர்ந்துகொள். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கும் உரியவை: கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள்ளேயே ஓட்ட வேண்டும், பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு மேல் செல்லலாகாது. கல்பாக்கம் அணுமின் நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் உள்ள மாவட்டம் இது. அரசின் மண்டல வரைபடத்தைப் பாராமல் மோட்டாரை இயக்காதே. பள்ளியில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு இருக்குமாயின் அதில் சேர். அங்கே மாதிரி விமானப் பயிற்சியும் உண்டு.

பெற்றோரே, இறுதியாக ஒன்று. புதிய விமானத்தை எவரும் முதல் நாளே வானுயர அனுப்புவதில்லை. மோட்டாரை இயக்காமல், உயரமான புல்தரையை நோக்கிக் கையால் மெல்ல எறிந்து பார்ப்பர். மூக்கு குத்தினால் சிறிது திருத்துவர்; மீண்டும் எறிவர். பத்தடி தூரம் நேரே சென்று இறங்கியபின்னரே மோட்டார். பிள்ளைகளையும் இவ்வாறே விடுதல் தகும். இவ்வாண்டு கடைக்குப் பணம் கொடுத்தனுப்பிக் கணக்குக் கேளுங்கள். அடுத்த ஆண்டு மின்ரயிலில் தனியே தாம்பரம் வரை சென்று வரட்டும். அதற்கடுத்த ஆண்டு தன் கல்லூரியைத் தானே ஆய்ந்து உங்களிடம் கூறட்டும். விழுந்தால் புல்தரையில் விழும்படி நீங்கள் அருகிலேயே இருங்கள். கைவிடுதல் வேறு; கையை விடுதல் வேறு. முன்னது பாவம், பின்னது பெற்றோரின் கடமை.